பக்கத்து சீட்டு மூச்சு

டிராக்கில் பல் டாக்டருக்கு 'டவுன் பஸ்' என்று பெயர். அவராக வைத்துக்கொண்டது அல்ல. அவருக்குப் பின்னால் வழி கிடைக்காமல் வரிசைகட்டி வந்தவர்கள் வைத்தது.

மாதம் ஒரு ஞாயிறு பந்தயத் தடத்தை வாடகைக்குப் பிடித்து, ஆசைப்பட்டவர்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் கூட்டம் அது. பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஆனால் மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பவர்கள் வெயில் ஏறுமுன் ஓட்டும் வேகக் குழு. மற்றவர்கள் மத்தியானக் குழு. அந்த மத்தியானக் குழுவிலும் டாக்டர்தான் கடைசி.

"இரண்டு நிமிஷத்துக்குள்ள ஒரே ஒரு சுத்து. அது போதும், நிம்மதியா கண்ணை மூடிருவேன்" என்று வீட்டில் ஒருமுறை சொல்லப்போக, "ஓட்டும்போது மட்டும் திறந்து வச்சுக்கோங்க" என்றாள் மனைவி. காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. 'சக்களத்திக்கு எண்ணெய் மாத்தியாச்சா?' 'சக்களத்திக்குப் புது டயரா? எனக்குச் செருப்பு அறுந்து ரெண்டு வாரம் ஆச்சு.' கேலிதான். அதன் அடியில் கொஞ்சம் கசப்பு இருந்தால் டாக்டருக்குத் தெரியவா போகிறது.

கார் பழையது. வாங்கும்போதே பின்சீட்டையும் தரைவிரிப்பையும் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தது. விற்றவர் பழைய சொந்தக்காரரின் தம்பி. "அண்ணனுக்கு இனிமே தேவைப்படாது" என்றார். ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை. சாவியைப் பார்த்த சந்தோஷத்தில் யாருக்குத்தான் கேள்வி வரும்?

ஓட்டுபவர் சீட் மட்டும் கடையில் வாங்கியது அல்ல, வார்த்தது. வெறும் சீட் கூட்டுக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, ஆள் அதன்மேல் அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். நுரை பொங்கி முதுகையும் இடுப்பையும் விலாவையும் சுற்றி இறுகிவிடும். உட்கார்ந்தவர் எழுந்து போனாலும் அவர் வடிவம் அங்கேயே இருக்கும்.

"டாக்டர், முதல்ல இதைப் பிடுங்கிட்டு உங்களுக்குன்னு ஒண்ணு ஊத்திருவோம்" என்றான் மெக்கானிக்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"அடுத்தவங்க பல்செட்டை மாட்டிக்கிட்டு நல்லாத்தானே இருக்குன்னு யாராவது உங்ககிட்ட வந்தா என்ன பண்ணுவீங்க?"

இறந்துபோன கணவரின் பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாவை டாக்டர் போன வாரம்தான் சத்தம் போட்டு அனுப்பியிருந்தார். அச்சு என்பது ஒருத்தருக்கு ஒன்று என்று கன்னம் வீங்கியவர்களிடமெல்லாம் பாடம் நடத்துகிறவர். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்பா" என்று மழுப்பிவிட்டு, அந்த நுரைக்குள் தன் உடம்பைத் திணித்தார்.

அது நேராக வார்த்த சீட்டாகவும் இல்லை. இடுப்புக்கு மேலே முறுக்கி, பக்கத்து சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முதல் மாதம் விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. அடுத்த மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம் வலியே இல்லை.

"சீட் பழகிருச்சுப்பா."

"இறுகின நுரை எப்படி டாக்டர் பழகும்? நீங்கதான் பழகியிருக்கணும்" என்று சிரித்தான் மெக்கானிக். டாக்டரும் சிரித்தார்.

அன்றுதான் மூச்சு கேட்டது.

நீண்ட நேர்ச்சாலை முடியும் இடத்தில் கரண்டி போல அகன்று திரும்பும் வளைவு ஒன்று. அதற்குப் பெயரே கரண்டி. எல்லோரும் அங்கே பயந்து சீக்கிரம் பிரேக் பிடிப்பார்கள். டாக்டர் எல்லோருக்கும் முன்னால் பிடிப்பார். அன்று கால் பிரேக்குக்குப் போகும்போது, பக்கத்தில் யாரோ இன்னும் சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. தலையில் ஹெல்மெட், வெளியே காதைக் கிழிக்கும் இஞ்சின். இதில் மூச்சு எங்கே கேட்கும்? கேட்டது. நாள் முழுக்க அடுத்தவர் மூச்சைக் கேட்டுப் பிழைப்பவர் அவர். துளையிடும் கருவி நரம்பை நெருங்கினால் நோயாளி வாயால் சொல்ல முடியாது, மூச்சைப் பிடிப்பார். உடனே கையை எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கால் தானாக நின்றது. பக்கத்து மூச்சு இழுத்துப் பிடித்தபோது பிரேக்கை மிதித்தார். அது மெல்ல விட்டபோது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். கார் கரண்டியிலிருந்து வெண்ணெயாக வழுக்கி வெளியே வந்தது.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

"யார் டாக்டர் அந்த பெல்ட்டை மாட்டினது?" என்று கேட்டான் மெக்கானிக். "ஒல்லியான ஆளுக்கு இழுத்து வச்ச மாதிரி இருக்கு."

"நீதான் மாட்டியிருப்பே" என்றார் டாக்டர். அவர் கவனமெல்லாம் நேரம் காட்டும் பெட்டியில் இருந்தது.

பிறகு ஒவ்வொரு மாதமும் நேரம் இறங்கியது. முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களானார்கள். டவுன் பஸ், எக்ஸ்பிரஸ் ஆனது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு கொட்டாவி அளவுதான் பாக்கி.

வீட்டில்தான் நிலைமை வேறு. சாப்பாட்டு மேசையில் டாக்டர் ஒரு பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். மனைவி அந்தப் பக்கம் இல்லை. தோள் ஒன்று இறங்கிவிட்டது. ஒருநாள் வீட்டுக் காரில் வேகத்தடை வந்தபோது, "பிடிச்சுக்கோ கண்ணு" என்றார்.

மனைவி அவரையே பார்த்தாள். "என்னையா சொன்னீங்க?"

"வேற யாரை?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டதில்லையே. நான் பின்சீட்டுல இருக்கேன். நீங்க பக்கத்து சீட்டைப் பாத்துச் சொன்னீங்க."

டாக்டர் காலியான பக்கத்து சீட்டைப் பார்த்தார். மறுநாள் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு, கார் விற்ற தம்பிக்குப் போன் போட்டார்.

"உங்க அண்ணன் கூட யாராவது உட்கார்ந்து போவாங்களா?"

"அண்ணிதான். அண்ணி இல்லாம வண்டியை எடுக்கவே மாட்டாரு. அந்த சீட் ஊத்தும்போது அசையக் கூடாதுன்னு சொல்லி வச்சோம். அண்ணி பக்கத்துல உட்கார்ந்து என்னமோ சொல்ல, இவரு திரும்பிச் சிரிச்சாரு. அப்படியே இறுகிப்போச்சு."

"இப்ப அண்ணி?"

"உடம்புக்கு முடியாம இறந்துபோயிட்டாங்க. அப்புறம் அண்ணன் டிராக்குக்கே போகலை. சாயங்காலமானா ஷெட்டுக்குள்ள போயி, கார்ல சும்மா உட்கார்ந்திருப்பாரு." தம்பி கொஞ்சம் தயங்கினார். "ஒருநாள் தூங்குறாருன்னு நெனச்சுட்டோம் சார். சாப்பிடக் கூப்பிடப் போனாத்தான் தெரிஞ்சுது."

"இதை ஏங்க வாங்கும்போது சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

அன்றிரவே சீட்டைப் பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் பாக்கி ஒரு கொட்டாவி. அதுதான் டாக்டரை நிறுத்தியது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, அப்புறம் பிடுங்கிவிடலாம்.

மனைவி வேறு முடிவு எடுத்திருந்தாள். "இந்த ஞாயிறு நானும் வரேன். பக்கத்து சீட்டுல உட்காரப்போறேன்."

"உன்னை ஏத்தினா எடை கூடிரும்மா. நேரம் போயிரும்."

"அப்ப யாரோ எடையே இல்லாத ஆளு வந்துட்டிருக்காங்க, அப்படித்தானே?" அவள் சிரிக்கவில்லை. "என் கண்ணு முன்னாடியே நீங்க வேற யாரோ ஆயிட்டு வரீங்க. அது யாருன்னு நான் பாக்கணும்."

டாக்டர் அவளுக்கு ஒரு ஹெல்மெட் தேடப் போனார்.

ஞாயிறு, மெக்கானிக் அவளுக்கு பெல்ட்டைத் தளர்த்தவே படாத பாடு பட்டான். கார் கிளம்பியது. அன்று டயர் தரையை ஒட்டிப் பிடித்தது, மேகமூட்டத்தில் காற்றும் குளிர்ந்திருந்தது. மூன்றாவது சுற்றில், பழைய நேரத்தை முந்துவதாகப் பெட்டி பச்சையாக மின்னியது. கரண்டி வளைவை மட்டும் சரியாக எடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நேர்ச்சாலை. பக்கத்து சீட்டு மூச்சு வழக்கம்போல அமைதியாக இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, போ, என்பதுபோல. அப்போது இன்னொரு மூச்சு கேட்டது. பாதி நேர்ச்சாலையிலேயே வெடுக்கென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. நரம்பில் பட்டவரின் மூச்சு.

எந்த மூச்சைக் கேட்பது? ஒன்று அவரை வேகக் குழுவில் சேர்த்துவிடும். இன்னொன்று மனைவியுடையது. டாக்டர் கையை எடுத்தார். அதாவது, பிரேக்கில் காலை வைத்தார். வெகு சீக்கிரம். கார் கிழவனாகத் தள்ளாடி வளைவுக்குள் போனது. பின்னால் வந்த மூன்று பேர் ஒலி எழுப்பிக்கொண்டே தாண்டினார்கள். பெட்டி சிவப்பானது. விலாவில் சுருக்கென்று வலித்தது, முதல் மாதம் வலித்ததுபோலவே.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் மனைவி கேட்டாள். "நல்லாத்தானே போயிட்டிருந்தீங்க? ஏன் அங்க பிரேக் போட்டீங்க?"

"நீ பயந்து மூச்சைப் பிடிச்சியேம்மா. எனக்குக் கேட்டுச்சு."

"நானா?" அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கிளம்பினதுலேர்ந்து கத்திப் பாடிட்டு இருந்தேங்க. பயத்துல. கரண்டியிலயும் பாடிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டர் நினைத்துப் பார்த்தார். அந்த இரண்டாவது மூச்சு பக்கத்திலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நுரைக்கும் அவர் தண்டுவடத்துக்கும் நடுவிலிருந்து. தன் மனைவி உட்காரும் இடத்தில் வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்த்துவிட்ட அந்த அண்ணனின் மூச்சு அது.

அந்த வாரமே பழைய அச்சைப் பிடுங்கினார்கள். நுரைதானே, தலையணை கனம்கூட இருக்காது என்று மெக்கானிக் ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தான். அப்புறம் டாக்டரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. எறிய மனம் வரவில்லை; பட்டறை மூலையில், காரைப் பார்த்தமாதிரி வைத்தார்கள்.

புதுசு ஊற்றியாயிற்று. "அரைமணி நேரம் ஆடாம அசையாம இருக்கணும் டாக்டர்" என்றான் மெக்கானிக். பேச்சுத் துணைக்கு மனைவி பக்கத்து சீட்டில் ஏறினாள். அடியில் நுரை இளஞ்சூடாகப் பொங்கியது. டாக்டர் நேராகப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க டவுன் பஸ்" என்றாள் அவள். "அடுத்த ஸ்டாப்புல நிக்குமா?"

அவ்வளவுதான். டாக்டர் திரும்பிச் சிரித்துவிட்டார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்பா. இப்படியே இறுகட்டும்."

மனைவி மட்டும் நெளிந்துகொண்டே இருந்தாள். இடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தினாள், இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த சீட்டுல எனக்கு இடம் பத்தலையேப்பா."

"ஒரு ஆள் உட்கார்ற சீட்டுதானேக்கா அது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."