ராஜாம்பாள் பிடுங்கிய ரிலே

பால்காரன் வருவதற்கு முன்பே ராஜாம்பாள் வேலையை முடித்துவிட்டாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் காரைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த கறுப்புக் கட்டைகளில் ஒன்றைப் பிடுங்கினாள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை அது. சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் தெளிக்கப் போனாள்.

அந்தக் கட்டைக்கு ரிலே என்று பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்டகப்பட்டுப் பக்கம் கார் நின்றுபோனபோது, வந்த மெக்கானிக்குக்குக் குடை பிடித்தவள் அவள்தான். "இதுதாம்மா பெட்ரோல் பம்புக்குக் கரண்ட்டு குடுக்கறது. இது போச்சின்னா வண்டி கத்தும், கிளம்பாது" என்று அவன் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் புருஷன் தாண்டவராயன் அப்போது எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடுகிற கார்பரேட்டர் இருந்த காலத்தோடு வண்டி என்கிற சாதியே ஒழிந்துபோனது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாண்டவராயன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு கோழிகூடத் தன் சக்கரத்தில் அடிபட்டதில்லை என்பார். அதை அவர் வாயால் கேட்காதவர்கள் செஞ்சியில் இருந்தால் அவர்கள் நேற்று குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய இன்ஜெக்ஷன் காரை வாங்கினார். வாங்கும்போதே கிழடு. அதைத் துடைத்த அக்கறையில் பாதியை அவர் தன் கண்ணுக்குக் காட்டியிருக்கலாம்.

இரண்டு வருஷமாகக் கண்ணில் புரை. தட்டுக்கு வெளியே குழம்பு ஊற்றிக்கொண்டு, தட்டு சின்னது என்பார். திண்டிவனம் ரோட்டில் ஜவுளிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்குக் கைகாட்டி, "எப்ப வந்த?" என்று விசாரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ராஜாம்பாள் சொன்னால், "ரோடு என் கையில இருக்குதுடி, கண்ணுலயா இருக்குது?" என்பார்.

அன்றைக்கு அவர் தங்கை வீட்டில் காதுகுத்து. சீயமங்கலத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களெல்லாம் வேனில் போகட்டும், சொந்தக்காரப் பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றி வருகிறேன் என்று தாண்டவராயன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்ட ராத்திரி ராஜாம்பாள் தூங்கவில்லை.

குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் கரகரவென்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி சுற்றியது.

"இன்னாடா இது" என்றார் காரைப் பார்த்து.

முதலில் வந்தவன் பக்கத்து வீட்டு முருகையன். பேட்டரிக் கடை வைத்திருப்பவன். அவன் கணக்கில் கார், மோட்டார், மனுஷன் எல்லாவற்றுக்கும் வருகிற வியாதி ஒன்றுதான்.

"பேட்டரி டவுனுண்ணே."

"நல்லாத்தானடா சுத்துது?"

"சுத்தும்ண்ணே. தெம்பா சுத்தாது."

புது பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டினான். இஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றியது. கிளம்பவில்லை. "அப்ப பேட்டரி இல்ல" என்று பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் போலச் சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான். அவனுக்கு டீ கொடுத்தாள் ராஜாம்பாள். வேடிக்கைக்கு வந்தவனை வெறும் வாயோடு நிற்க வைப்பானேன்.

அடுத்து பச்சைமுத்து. பைக் மெக்கானிக். பானெட்டுக்குள் தலையை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கார்பரேட்டர் எங்கண்ணே?"

"இதுல கார்பரேட்டர் கிடையாதுடா. இன்ஜெக்ஷன் வண்டி."

"அதான் அடைச்சிருக்குது" என்றான் பச்சைமுத்து, கொஞ்சமும் கூசாமல்.

பிளக்கைக் கழற்றினான். துடைத்தான். ஊதினான். வேட்டியில் தேய்த்துப் பொட்டு வைக்காத குறையாக மாட்டினான். கரகரகர. இல்லாத சாமானை ஊதியும் துடைத்தும் தேடுகிற இந்த ஆண்பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க ராஜாம்பாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. காதுகுத்து வீட்டு வேன் வந்து நின்றபோது அவளே பிள்ளைகளை ஏற்றினாள். "மடியில உட்கார வெச்சிக்கோங்க, நாங்க பின்னால வர்றோம்" என்று கதவைச் சாத்தினாள். நினைத்த காரியம் முடிந்தது. இனி இவர்கள் சாயங்காலம் வரைக்கும் துடைக்கட்டும்.

தாண்டவராயனுக்கு அவமானம் பொறுக்கவில்லை. போன் போட்டு பார்த்திபனை வரவழைத்தார். பார்த்திபன் கார்களுக்கு மட்டும் வேலை பார்க்கிறவன். கையில் ஒரு மெஷின், காலில் ஷூ. ஸ்டியரிங்குக்கு அடியில் வயரைச் செருகி, மெஷினைத் தட்டிப் பார்த்தான்.

"ஒரு ஃபால்ட்டும் காட்டல ஐயா."

"வண்டி செத்துக் கிடக்குது, உன் மெஷினு நல்லா இருக்குதுன்னுதா?" என்றாள் ராஜாம்பாள். "அதுக்கும் ஒரு டீ போடட்டா?"

பார்த்திபன் கோபப்படவில்லை. மெஷினை மடக்கி வைத்தான். "பழைய வண்டிம்மா. எல்லாத்தயும் சொல்லாது. நாமதான் கேக்கணும்" என்று சொல்லி, ஏர் ஃபில்டரைத் திறந்து, சட்டென்று தீப்பற்றுகிற ஒரு ஸ்பிரேயை உள்ளே அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். இஞ்சின் ஒரே ஒரு நொடி உறுமியது. அடங்கியது.

"பத்த வெக்கறது சரியா இருக்குது. பெட்ரோல்தான் வரல."

ராஜாம்பாள் சுருக்குப்பையை இடுப்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.

அவன் பின்சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டாங்க்குக்கு மேலே காதை வைத்துப் படுத்தான். "முருகையண்ணே, சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க." பம்பு ஓடினால் வண்டைப் போல ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. "பம்புக்கு கரண்ட்டே வரல. ஐயா, முன்னாடி ஃப்யூஸ் பெட்டியில ரிலேயெல்லாம் சரியா இருக்குதான்னு பாருங்க" என்று படுத்தபடியே கத்தினான்.

தாண்டவராயன் மூடியைக் கழற்றினார். ராஜாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். இதோ, இப்போது கத்துவார். எவன்டா புடுங்கினது என்று தெருவைக் கூட்டுவார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அவள் காலையிலேயே தயாராக வைத்திருந்தாள்.

அவர் குனிந்தார். மூக்கு பெட்டிக்குள் போகிற அளவுக்குக் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இரு பக்கமும் முருகையனும் பச்சைமுத்துவும் நின்றார்கள். பெட்டிக்கு நடுவில், சுற்றிலும் தூசு படிந்த கட்டைகளுக்கு மத்தியில், பல் விழுந்த இடம் போல ஒரு பொக்கை தெரிந்தது. வாசற்படியிலிருந்தே ராஜாம்பாளுக்குத் தெரிந்தது.

தாண்டவராயன் நிமிர்ந்தார்.

"எல்லாம் இருக்குதுப்பா. பக்காவா இருக்குது."

காலையிலிருந்து வாயை மூடாத முருகையன் தன் செருப்பைப் பார்த்தான். பச்சைமுத்து ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பின்சீட்டிலிருந்து எழுந்து வந்த பார்த்திபன் பெட்டியைப் பார்த்தான், பெரியவர் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாடா?" என்றார் தாண்டவராயன். "ஏன் எல்லாரும் நிக்கறீங்க?"

ராஜாம்பாளுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. தட்டுக்கு வெளியே குழம்பு ஊற்றியபோது சிரித்தாள். பொம்மையோடு பேசியபோது மூன்று வீட்டுக்குச் சொல்லிச் சிரித்தாள். இதற்குச் சிரிக்க முடியவில்லை. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அந்தப் பொக்கைக்குள் வைத்தாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்த்து ரிலேவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாந்தான் புடுங்கனேன்."

அவர் கட்டைவிரலால் அதைத் தடவினார். முகம் கறுத்துப்போனது. "நாலு பேரு மின்னாடி என்ன கேவலப்படுத்தணும்னு பண்ணியா?"

"உன்ன கேவலப்படுத்த ரிலே வேணுமாயா? கண்ணு தெரியாம புள்ளைங்கள ஏத்திக்கினு போறேன்ற. போன வாரம் தளவானூர் ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்தாங்களே, அது மேல ஏத்தினியே, ஞாபகம் இருக்குதா?"

"ரோட்டுல நெல்லு கொட்டினா ஏத்தத்தான் செய்வாங்க."

"அதுல ஒரு பொம்பள குனிஞ்சி நெல்லு தள்ளிக்கினு இருந்தா. பச்ச சேல. பல்லிமாதிரி எகிறி வரப்புல போய் விழுந்தா. நீ ஆரன்கூட அடிக்கல. நெல்லப் பத்தியே பேசிக்கினு வந்த."

தாண்டவராயன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"பொம்பளயா?"

"ஆமாய்யா."

"அடி பட்டுச்சா?"

"நான் திரும்பிப் பாத்தேன். எழுந்து நின்னா. திட்டினா. அதுவும் உனக்குக் கேக்கல, கண்ணாடிய ஏத்தியிருந்த."

அவர் ரிலேவைப் பார்த்திபனிடம் நீட்டினார். அவன் அதைச் செருகிச் சாவியைத் திருப்ப, வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கிளம்பிய வண்டியை யாரும் ஓட்டவில்லை. முருகையன் தன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, பச்சைமுத்துவோடு சத்தமில்லாமல் நழுவினான். சாயங்காலத்துக்குள் தெருவில் கதை வேறுமாதிரி ஆனது: எவனோ திருட்டுப்பயல் தாண்டவராயன் காரில் ரிலேவைப் பிடுங்கிவிட்டான். அதைக் கிளப்பியவர் தாண்டவராயன்தான். ராஜாம்பாள் கேட்டும் கேளாதது போல இருந்தாள். கொஞ்சம் வெட்கம் கெட்டவர்தான், என்ன செய்வது.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்க் கண் டாக்டரம்மாவிடம் காட்டினாள். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பார்வை நன்றாகத் திரும்பியது. இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டபோது ராஜாம்பாள் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளாத குறைதான். இரண்டு வருஷமாகக் குத்திப் பேசிப் பேசி என்ன கிழித்தாள்? ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தால் ஆகியிருக்கும். காரைப் பார்த்திபனே விலைக்கு வாங்கிக்கொண்டான். தாண்டவராயன் அது தெருமுனை திரும்புவதைப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

சொட்டு மருந்து நிறுத்திய மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். பொழுது சாயும் நேரத்துக்கு வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"எங்கயா போன?"

"தளவானூரு."

வீடு வீடாக விசாரித்திருக்கிறார். அந்தப் பொம்பளையின் பேர் விருத்தாம்பாள். களத்தில் எள்ளு உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் போய், அன்னிக்கு வண்டி ஓட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாளாம். அவர் பாட்டன் பூட்டனிலிருந்து, அவருக்கு லைசென்ஸ் கொடுத்தவன் குடும்பம் வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லையாம்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? நின்னுக்கினு இருந்தேன். நடுவுல அதுக்கு இருமல் வந்துடுச்சி. தண்ணி மொண்டு குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் திட்டிச்சி." சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "ஆனா ஒண்ணுடி. அதுகிட்ட நீ திட்டக் கத்துக்கணும். நீ திட்றதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"அப்படியா?" என்றாள் ராஜாம்பாள், சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே. "உட்காரு. ஒவ்வொண்ணா சொல்லு, கேக்கறேன்."