பிரான்ஸ் கிளை நேரில் ஆஜராகும்

உலக வணிகம் நீதியின் தோள்மேல்தான் நிற்கிறது. அந்த நீதி திண்டிவனத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில், சாவி கிடைத்தால் பத்து மணிக்குத் திறக்கும்.

‘தென்னரசு இன்டர்நேஷனல் கமர்ஷியல் லா அசோசியேட்ஸ். திண்டிவனம் - விழுப்புரம் - பிரான்ஸ்’ என்றது போர்டு. விழுப்புரம் கிளை என்பது கோர்ட் எதிரே வக்கீல் தென்னரசு பைக் நிறுத்தும் வேப்பமரம். ‘மூன்று தலைமுறைச் சட்டப் பின்னணி’ என்று வழவழப்பான கையேட்டில் போட்டிருந்தது. அதுவும் பொய்யில்லை. தாத்தா தொடுத்த வரப்புத் தகராறு வழக்கில் அப்பா தோற்றார்.

பிரான்ஸ் கிளை, தென்னரசுவின் அக்கா புருஷன் துரைக்கண்ணு. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். மர்சேய் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அந்தக் கிளைக்கு முதல்முறையாக வேலை வந்திருந்தது. வியாபாரி ஸ்ரீசந்திரன் அனுப்பிய நிலக்கடலை கன்டெய்னரை மர்சேய் துறைமுகத்தில் பூஞ்சை என்று நிறுத்திவிட்டார்கள். அவருடைய இந்த வருஷத்துச் சரக்கு முழுக்க அதில்தான் இருந்தது. இன்று அங்கே மதியத்துக்குள் அதிகாரம் பெற்ற ஆள் நேரில் போய் மறுபரிசோதனை கேட்காவிட்டால் எரித்துவிடுவார்கள். அதிகாரம் துரைக்கண்ணு பெயரில் மட்டுமே இருந்தது. நேற்று நோட்டீஸ் வந்த கையோடு, ‘எங்கள் பிரான்ஸ் கிளை நேரில் ஆஜராகும்’ என்று தென்னரசு மெயில் அனுப்பியிருந்தார்.

“போயிட்டாராங்க, வக்கீல் சார்?” என்றார் எதிர் நாற்காலியில் இருந்த ஸ்ரீசந்திரன்.

“டென்ஷன் ஆவாதீங்க மொதலாளி. எங்க பிராஞ்சு பாத்துக்கும்.”

“சார், பிரான்ஸ் பிராஞ்சு ரிங் போய்க்கினே இருக்கு, எடுக்க மாட்டேங்குது,” என்றாள் டைப்பிஸ்ட் அன்புச்செல்வி.

“மீட்டிங்ல இருப்பாரும்மா.”

கடைசியில் எடுத்தார். ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் அறையை நிறைத்தது.

“மாமா, ஹார்பர்லயா இருக்கீங்க?”

“இன்னாடா ஹார்பரு? மேல்மலையனூர் கோயில்ல நிக்கிறேன். இன்னிக்கி அமாவாசடா.”

“அக்காவாச்சும் அங்க...”

“வேண்டுதலே உங்கக்காவுக்குத்தான். பக்கத்துல எலுமிச்சம்பழத் தட்டோட நிக்கிறா.”

“அதிகாரம் உங்க பேர்லதான மாமா இருக்கு!”

“என்னெ ஏர்போர்ட்லேர்ந்து இட்டாந்ததே நீதான? அப்ப வாயில இன்னா வெச்சிருந்த? வரிச நகருது, போன வெய்யிடா.”

தென்னரசு போனை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆளு இங்க வந்தா இன்னா மொதலாளி? பிராஞ்சு அங்கதான இருக்கு.”

“பூட்டிக் கெடக்குற வூட்டுலேர்ந்து யாரு சார் போயி கையெழுத்து போடுவா?” என்றாள் அன்புச்செல்வி.

“ஜல்தியா ஒரு பிளேன் புடிச்சா?” என்றார் ஸ்ரீசந்திரன்.

“அமாவாச கூட்டத்துல அவரு திண்டிவனம் வர்றதுக்கே பஸ்ஸு கெடைக்காதுங்க,” என்றாள் அன்புச்செல்வி.

மூவரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மதியமாகிற நேரத்துக்கு மெயில் வந்தது. அன்புச்செல்வி மெதுவாகப் படித்தாள். யாரும் ஆஜராகவில்லை. சரக்கை எரிக்க உத்தரவு.

பூச்சி புழுவுக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஜைனக் குடும்பம். அந்த ஸ்ரீசந்திரன் எழுந்து நின்று, ‘உங்க மாமா ஊருக்கு வந்துட்டாருன்னு ஏன்யா என்கிட்ட சொல்லல?’ என்று கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் இதே அறையில், முட்டை கலக்கவில்லையே என்று துரைக்கண்ணுவிடமே கேட்டுக்கொண்டு, அவர் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டில் ஸ்ரீசந்திரன் இரண்டு தின்றிருந்தார்.