பதினைந்து சொட்டு

கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமயந்தியைத் தேடி வருகிறவர்கள் வீட்டு எண்ணைக் கேட்கமாட்டார்கள். மாடிப்படி ஏறும்போதே லாவண்டர் வாசனை வழிகாட்டிவிடும். கணவன் கோபு ரயில்வே தலைமை அலுவலகத்தில் ஸ்டெனோ. பிள்ளைகள் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் கரியாஹாட்டில் ஒரு பெண்மணி நடத்திய வகுப்பில் சேர்ந்து, ஆறு வாரம் செடிகொடிகளிலிருந்து வடிக்கும் எசென்ஷியல் ஆயில்களைப் பற்றிப் படித்தாள் தமயந்தி. அதுவரை எல்லோருக்கும் கோபுவின் மனைவியாக இருந்தவள், அதற்கப்புறம்தான் தமயந்தி ஆனாள்.

பருவுக்கு டீ ட்ரீ ஆயில், கொட்டுகிற முடிக்கு ரோஸ்மேரி, வறண்ட தோலுக்கு ஜெரானியம், தூக்கம் வராதவர்களுக்குத் தலையணை உறையில் ஒரு சொட்டு லாவண்டர். எதையும் அப்படியே தோலில் வைக்கமாட்டாள். பாதாம் எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டு கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்ப்பாள். எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு முகர்ஜி அம்மாளின் பித்தவெடிப்பு ஆறியதிலிருந்து பெங்காலிப் பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

எதிர்வீட்டு லதாவுக்குத் திருச்சிப் பக்கம். பதினான்கு வருஷப் பழக்கம். லதாவுக்கு பெங்காலி இன்னும் திக்கித் திக்கித்தான் வரும். அந்தக் கட்டடத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது தமயந்தியிடம் மட்டும்தான். பெங்காலிப் பிள்ளைகளைப்போல் அவளை 'மா' என்று கூப்பிடும் ஒரே பெண் சுபிக்ஷா சால்ட் லேக்கில் ஏர்ஹோஸ்டஸ் பயிற்சி முடித்திருந்தாள். உயரம், இங்கிலீஷ், நடை எல்லாம் சரி. கன்னத்தில் பருத் தழும்பு இருக்கிறது என்று முதல் இன்டர்வியூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் அடுத்த இன்டர்வியூ. வயது வரம்புப்படி அதுதான் கடைசி.

"மூணு வாரத்துல போயிடுமா ஆன்ட்டி?"

"போகாதுடி. மங்கும். அதுக்கே ரெண்டு மாசமாவது வேணும்."

"ரெண்டு மாசத்துக்கு நான் எங்க போறது?"

தழும்பை மங்க வைக்க எலுமிச்சை ஆயில் என்று தமயந்தி படித்திருந்தாள். தினமும் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, இரண்டு சொட்டு கலந்து தடவிவிட்டாள். லதாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டு வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

இன்டர்வியூவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு சுபிக்ஷா தனியாக வந்தாள். லதா மார்க்கெட் போயிருந்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடுங்க ஆன்ட்டி. ப்ளீஸ். இப்பப் போட்டா சாயங்காலம் ஒரு தடவ, நாளைக்கு ரெண்டு தடவன்னு போடலாம்ல."

தமயந்தி ஒரு ஸ்பூன் பாதாம் எண்ணெயில் எலுமிச்சை ஆயிலைச் சொட்டவிட்டாள். இரண்டு. ஐந்து. கை நிற்கவில்லை. இந்தப் பெண் சீருடை போட்டுக்கொண்டு, யார் கையால் இந்த முகம் தெளிந்தது என்று நாலு பேரிடம் சொல்வதை அவள் மனம் அதற்குள் பார்த்துவிட்டது. பதினைந்து சொட்டு விழுந்தது. நெற்றி, கன்னம், கழுத்து வரை தடவிவிட்டாள்.

சுபிக்ஷா படியிறங்கிப் போனாள். சால்ட் லேக் போய் ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டுமாம். தமயந்தி பால்கனியில் நின்று பார்த்தாள். ஏப்ரல் வெயிலில் மைதானத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள் பெண். அப்போதுதான் நினைவு வந்தது. எலுமிச்சை ஆயில் தடவிய தோலில் வெயில் படக் கூடாது. தன் நோட்டில் தானே எழுதி அடிக்கோடு போட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தமயந்தி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். துப்பட்டாவைப் போட்டுக்கொள்வாள், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு, உள்ளே போய்க் குழம்பு அடுப்பைத் தணித்தாள்.

சான்றிதழ் வரிசையில் சுபிக்ஷா இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். மறுநாள் முகம் தீப்பட்டதுபோல் சிவந்தது. மூன்றாம் நாள் கொப்புளம். இன்டர்வியூ அன்று ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். கொப்புளம் அடங்கியபோது, எண்ணெய் வழிந்த தடமெல்லாம் பழுப்புக் கோடுகளாகக் கன்னத்திலிருந்து கழுத்துவரை நின்றன.

பார்க்கப் போன தமயந்தியிடம் லதா அழுதாள்.

"ஏதோ புது க்ரீம் வாங்கிப் போட்டிருக்கா, உனக்குக்கூடச் சொல்லாம. டாக்டர்கிட்டயும் அதத்தான் சொன்னா. மாறறதுக்கு மாசக்கணக்கா ஆகுமாம், மாறாமலும் போகலாமாம்."

தமயந்தி கட்டிலில் கிடந்த பெண்ணைப் பார்த்தாள். சுபிக்ஷா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. பெண்கள் வழக்கம்போல் வந்தார்கள். கை வலிக்கிறது என்று அனுப்பிவிட்டாள். ஒரு பகலில் லதா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கைமேலதான் எனக்கு நம்பிக்க. அந்தக் கறைக்கு நீயே ஏதாவது ஆயில் பாத்துப் போடேன் தமயந்தி."

தமயந்தி கையை உருவிக்கொண்டாள்.

"அது க்ரீம் இல்ல லதா. நான் போட்ட எலுமிச்ச ஆயில். பதினஞ்சு சொட்டு."

"அவதான் நச்சரிச்சாளா?"

"கேட்டா. ஆனா வெயில்ல போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவ மைதானத்துல நடந்து போறத பாத்துக்கிட்டு நின்னேன். ஞாபகமும் வந்துச்சு. கூப்பிடல."

"ஏன்?"

"கூப்பிட்டா நான் தப்பாப் போட்டுட்டேன்னு ஆயிடும்னு."

லதா எழுந்தாள். குரல் உயரவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே நீ. மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அதன்பின் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு இல்லை. படியில் எதிர்ப்பட்டால் லதா சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தமயந்திக்கு.

வயது வரம்பு தாண்டியது. அடுத்த வருஷம் சுபிக்ஷா சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். குரல் மட்டும் போதுமான வேலை. கோடுகள் மெல்ல மங்கின. தாடையோரம் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு மட்டும் போகவில்லை. லதாவின் கணவர் பிரேம்குமார் பெஹாலாவில் ஒரு ஃப்ளாட் பார்த்தார்.

சாமான் ஏற்றுகிற அன்று சுபிக்ஷா தனியாகச் சொல்லிக்கொள்ள வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி க்ரீம்னு சொன்னே?" என்று கேட்டாள் தமயந்தி.

"நான்தானே ஸ்ட்ராங்கா போடச் சொன்னேன். உங்கமேல வரக்கூடாதுன்னு." பெண் தரையைப் பார்த்தாள். "நீங்க ஏன் ஆன்ட்டி மாகிட்டச் சொன்னீங்க?"

"மறைக்க முடியலடி."

"சொன்னதும் உங்களுக்கு பாரம் எறங்கிடுச்சு. மா இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல. டிவிய போட்டுட்டு ஒக்காந்திருக்கா. உங்களவிட்டா அவளுக்கு இங்க யாரு இருந்தா?"

அவள் குரலில் கோபம் இல்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

பாரம் ஒன்றும் இறங்கவில்லை என்பது தமயந்திக்கு மட்டும்தான் தெரியும். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கோபு வந்து, "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்ல" என்றான். அவள் அசையவில்லை.

பெஹாலா ஒன்றும் தூரமில்லை. ஆட்டோவில் ஏறினால் அரைமணி நேரம். கோபு ரிட்டயராகி அவர்கள் கல்கத்தாவை விட்டுக் கிளம்பும்வரை தமயந்தி அந்தப் பக்கம் ஒரு நாளும் போகவில்லை.