தட்டை நெஞ்சு

சரண்யாவுக்குப் படிப்பு தலைக்கேறியிருந்தது. ஏறட்டும், நல்லதுதான். ஆனால் அது ஏற ஏற நெஞ்சில் இருந்த ஈரம் வற்றிப்போனதே. பறக்காத பறவைகளைப் பற்றிக் கல்லூரிக் கண்காட்சி. நெருப்புக்கோழி, காசோவரி, கிவி எல்லாம் படத்தில்தான். முழு எலும்புக்கூடு ஒன்றைக் கொண்டுவந்தால் ஆராய்ச்சிக்கு இடம் உனக்குத்தான் என்றார் பேராசிரியர். மரக்காணத்தில் அவள் வீட்டிலேயே ஓர் ஈமு இருந்தது.

ஈமுப் பண்ணையை மூடிவிட்டு ஓடியவன் விட்டுப்போன குஞ்சு அது. அம்மா பாஞ்சாலைதான் தொரை என்று பெயர் வைத்து வளர்த்தாள். பத்து வருஷமாக உப்பள வேலைக்கு அவள் போகும்போதெல்லாம் பின்னாலேயே நடந்தது.

அம்மா கீழ்புத்துப்பட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், சரண்யா அப்பாவை நச்சரித்து அதன் கழுத்தில் கயிறு போட்டு இறுக்க வைத்தாள். எலும்பு உடையக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பாவி. அம்மா திரும்பி வந்ததும் சொன்னாள்:

"அதுவா செத்துடுச்சிம்மா. மண்ணுல பொதைச்சா மூணு மாசத்துல சதை போயிடும். எலும்பு எனக்கு வேணும்."

பாஞ்சாலை அழவில்லை. "நானே பொதைக்கிறேன்" என்றாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சரண்யா சாக்குப்பையோடு வந்தாள். அம்மா அவளை உப்பளத்துக்குக் கூட்டிப்போய், கீற்று மூடிய பழைய உப்புக் குவியலைக் காட்டினாள். மண்வெட்டி இரண்டு தரம் இறங்கியதும் இறகு வந்தது. பிறகு முகம். குடலை எடுத்துவிட்டு வயிற்றில் உப்பை அடைத்து, பெரிய மீனைக் கருவாடு போடுவதுபோலப் போட்டிருந்தாள் பாஞ்சாலை. தொரை முழுசாகக் கிடந்தது.

"மண்ணு தின்னுடும்டி. உப்பு தின்னாது. கழுத்தப் பாரு."

கயிற்றுத் தடம் அப்படியே இருந்தது.

"நாளைக்குத்தானே வேணும்? உக்காந்து உரி" என்று மடியிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தாள் அம்மா.

உரித்தாள். விரலில் வெட்டிக்கொண்டாள், உப்பு பட்டு எரிந்தது. நெஞ்செலும்பு வெளியே வந்தது. கோழிக்கு அதன் நடுவில் ஒரு மேடு நிற்கும், சிறகுச் சதை பிடித்துக்கொள்வது அதைத்தான். இதற்கு அது இல்லை, கட்டுமரம்போலத் தட்டை. புத்தகத்தில் போட்டிருந்தபடியே இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, என்ன சொல்ல.

எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பாஞ்சாலை, தீனி வைக்கக் கூப்பிடும் அதே குரலில் சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தொரை... இங்க வா, தொரை."

ஒவ்வொரு தடவையும் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது.