மேரிராணி பார்த்த பாதிப் படம்

குடத்தைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதாநாயகன் வாடகைச் சைக்கிளோடு சேற்றில் விழுந்த இடத்தை மேரிராணி செய்து காட்டினாள். மத்திகிரி மாட்டுப் பண்ணை ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அந்த நேரத்துக்கு எந்த வீட்டு அடுப்பையும் பார்க்க ஆள் இல்லை. எல்லாப் பெண்களும் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கறவை முடித்து வந்த அருள்ஜோசப் வேப்பமரத்தடியில் நின்று தன் பெண்டாட்டியைப் பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் இவளை வேடிக்கை பார்த்துத் தீரவில்லை அவனுக்கு.

"கிறிஸ்துமஸுக்கு ஓசூர் டென்ட்டுக் கொட்டாய்க்கு இதான் வருது. அழுமூஞ்சிப் படமில்லடி, வயிறு வலிக்கச் சிரிக்கிற படம். பூசை முடிஞ்சு, கறிச்சோறு தின்னுட்டு, இதப் பாக்கலன்னா பண்டிகையே பண்டிகையில்ல" என்றாள்.

"கடைசியில என்னா ஆவுது, அதச் சொல்லுங்க அண்ணி" என்றாள் ஆரோக்கியசெல்வி. அருள்ஜோசப்பின் தங்கை. கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒரே ஆள்.

மேரிராணி குரலைத் தாழ்த்தினாள். "கடைசியில அவனே வரான். கோவிச்சுக்கிட்டுப் போனவ வீட்டு வாசல்ல வந்து, தப்பு எம்மேலதான், வா போலாம்னு கூப்பிடறான். அவன் நிக்கிற நெலயப் பாத்தா கல்லும் கரையும்."

அருள்ஜோசப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை அவனும் அவளும் பாதிதான் பார்த்திருந்தார்கள்! பண்ணைக் காளைகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் விட்ட அன்று, பெங்களூர் கண்டோன்மெண்டில் பார்த்தது. சைக்கிள் கடைக்காரனும் வக்கீல் மகளும் சண்டை போட்டே காதலித்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, மறுபடி சண்டை போட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியதும் இடைவேளை விட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ஓடிவந்துவிட்டார்கள். அத்திப்பள்ளி வரும்வரை வாயே திறக்காமல் வந்த மேரிராணி அங்கேதான் கேட்டாள்: "ஏங்க, அவன் போயி கூப்பிட்டிருப்பானா?" கேட்டது படத்தைப் பற்றி மட்டுமல்ல என்று அவனுக்குத் தெரியும்.

செல்வி புருஷன் வீட்டைவிட்டு வந்து நாலு மாதம். யேசுராஜ் கிருஷ்ணகிரி-பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். விருந்தாளிகள் முன்னால், "ஒங்கண்ணன் சாணி அள்றவன்தானே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டான். அன்றைக்கே செல்வி மாற்றுச் சேலையோடு வந்துவிட்டாள். சாணி அள்ளுகிறவன் நான், எனக்கே கோபம் வரவில்லை என்று அருள்ஜோசப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்டால்தானே! அவர் வந்து கூப்பிட்டால் போவேன் என்றாள் அவள். போனவள் தானாக வரட்டும் என்றான் யேசுராஜ். தினமும் இரண்டு தடவை ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்குகிறவன், அங்கிருந்து மூன்று மைல் இருக்கிற மத்திகிரிக்கு ஒரு தடவை வரவில்லை. சம்பந்திகள் பேசினார்கள், கோயில் பங்குச் சாமியார் பேசினார். இந்த இரண்டு பேரும் இப்படியே நரைத்துவிடுவார்களோ என்று அருள்ஜோசப்புக்கு உள்ளூரப் பயம். தன்னால் வந்த பிரிவு என்பது வேறு அவனை அரித்தது.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டான். "பாக்காத சீன எப்படிடி சொன்ன?"

"நீங்க வாயத் தொறக்காதீங்க. செல்வி வரேன்னுட்டா. நாலு மாசத்துல வாசல் தாண்டறேன்னு சொன்னது இன்னைக்குத்தான். துணி எடுக்கப் போனப்ப பஸ்ஸாண்ட யேசு அண்ணனையும் பாத்துச் சொல்லிட்டேன். அவரும் வராரு."

"அவங்கிட்ட என்னா சொன்ன?"

"நல்ல படம்னு சொன்னேன்" என்று சொல்லி அதிரச மாவைப் பார்க்கப் போய்விட்டாள். படத்தின் பாட்டுப் புத்தகம் வாங்கிய லைன்காரி ஒருத்தி முடிவு தெரிய அதிலிருந்த கதைச் சுருக்கத்தைப் படித்துப் பார்த்தாள். அதுவும் ரயிலேறிய இடத்தோடு நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்றது. மேரிராணியின் அதிர்ஷ்டம்!

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், முதல் ஆட்டத்துக்கு டென்ட் கொள்ளவில்லை. தரை டிக்கெட்டில் நடுவே இடுப்பளவு மண்சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். புதுச் சட்டை மணக்க அருள்ஜோசப் மணலில் உட்கார்ந்தான். நாலு ஆள் தள்ளி யேசுராஜ். "வாங்க மச்சான்" என்று தலையை ஆட்டினான், முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அவன் பஸ் ஆட்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டே தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவன்தான் பாதிக் கூட்டத்தைக் கூட்டி வந்திருந்தான்.

படம் ஓடியது. சைக்கிள் சேற்றில் விழுந்தபோது டென்ட்டே குலுங்கியது. இடைவேளைக்குப் பிறகு அருள்ஜோசப்புக்குச் சிரிப்பு வரவில்லை. இனி ஒவ்வொரு காட்சியும் அவனுக்கும் புதுசு. கர்த்தரே, அந்தச் சைக்கிள் கடைக்காரன் எப்படியாவது அவள் வீட்டுக்குப் போகட்டும் என்று நிஜமாகவே ஜெபம் பண்ணினான். அந்தத் தறுதலை போகவில்லை. அவளும் வரவில்லை. யாரோ ஒரு மாமா வீட்டுக் கல்யாணத்தில் இருவரும் தற்செயலாக முட்டிக்கொண்டார்கள், ஒரு பாட்டுப் பாடினார்கள், சுபம் விழுந்தது.

"ரீலக் கட் பண்ணிட்டான்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அவன் வந்து கூப்பிடற சீன் எங்கடா?"

"டே, சீனப் போடுறா!" என்று ஆண்கள் பக்கமும் குரல் எழுந்தது. "அவ தானா வந்து கதவத் தட்டற சீனப் போடு!"

அவளா? அருள்ஜோசப்புக்கு அப்போதுதான் விளங்கியது. அடிப் பாவி! அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அதே சமயம் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பும் பொங்கியது. மணலை அள்ளித் திரைமேல் எறிய ஆரம்பித்திருந்தார்கள்.

டென்ட் முதலாளி கோவிந்தன் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஓடிவந்தார். "ஏம்ப்பா, அப்படி ஒரு சீன் இருக்குதுன்னு எவன் சொன்னது?"

ஆண்கள் யேசுராஜைக் காட்டினார்கள். பெண்கள் மேரிராணியைக் காட்டினார்கள்.

யேசுராஜ் எழுந்தான். "தங்கச்சி, அவளே வந்துருவான்னு எங்கிட்டச் சொன்னியேம்மா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் செல்வி, "அவரு வருவாருன்னு எங்கிட்டச் சொன்னீங்களே அண்ணி?" என்றாள்.

ஓசூர் பாதி, மத்திகிரி பாதி, அத்தனை கண்ணும் மேரிராணி மேல். பொய் சொன்னவள் என்ற பேர் இனி லைனில் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும். செல்வி மன்னிக்காமல் போனால் அந்தச் சின்ன வீட்டில் மூன்று பேர் எப்படி இருப்பது? அருள்ஜோசப் எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தான். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

மேரிராணி மடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். "நான் பாதிப் படந்தான் பாத்தேன். கடைசி பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டோம். மீதி நான் சொன்னது. எங்க வூட்ல ஒருத்தி சோறு எறங்காம கெடக்குறா, கிருஷ்ணகிரில ஒருத்தரு எளச்சுப் போயிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு எடத்துல வந்து குந்தட்டும்னு சொன்னேன். தப்புன்னா மண்ண எம்மேல போடுங்க, அந்த மனுசன் திரை மேல போடாதீங்க."

ஒருவரும் போடவில்லை. எவ்வளவு பெரிய மனசுக்காரி, எவ்வளவு தைரியம்! இவள் எனக்கு வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டான் அருள்ஜோசப். கோவிந்தன் மட்டும் விடவில்லை. தொழில் நாணயம் அவருக்கு. "நான் கட் பண்ணல. கடைசி ரீல மறுபடி போடறேன், கண்ணால பாத்துக்கங்க" என்று விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இருட்டில் மேரிராணி இன்னும் உட்காரவில்லை. அவள் தலைமல்லிகை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைக்கிறாளா, அல்லது கொசு விரட்டுகிறாளா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதனால் செல்வி, யேசுராஜ் இருவரில் யார் முதலில் எழுந்தார்கள் என்பதை அவன் பார்க்கவில்லை. பிறகு லைன் முழுக்க அவனைக் கேட்டுத் துளைத்தபோதும் அவனால் சொல்ல முடியவில்லை.

ரீல் ஓட ஆரம்பித்ததும் வெளிச்சம் பாய்ந்தது. கல்யாண வீடும் பந்தலும் வந்தன. பாட்டு தொடங்குகிற இடத்தில் திரையின் நடுவே இரண்டு தலை நிழல்கள் எழும்பிக் கதாநாயகியை மறைத்தன. மண்சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு நிழல் என்னவோ கேட்டது. மற்றது இல்லை என்று தலையாட்டியது. முதல் நிழல் மறுபடி கேட்டது.

"யார்றா அது, மறைக்குது, குந்துங்கடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"நீ குந்து!" என்று டென்ட்டின் இரண்டு பக்கமும் அவன்மேல் பாய்ந்தது. நிழல்கள் நின்றுகொண்டே இருந்தன. அவற்றின் மேல் பாட்டு ஓடியது.