ஆறு மில்லிமீட்டர்

1
நான் கேட்ட கேள்விகளால் கெட்டுப்போன ஒரு கத்தியிலிருந்து பிறந்தது இந்தக் கதை. மூன்று வரைவுகளில் இதை மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

திருவனந்தபுரம் வலியசாலையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஜெபமலர் லேத் பட்டறை நடத்துகிறாள். மார்த்தாண்டத்துக்காரி. தங்கை சுஜாவுக்கு விதுராவுக்கு மேலே காட்டில் வனத்துறை வாட்சர் வேலை. போன வருடம் தங்கைக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தாள்: அலகு தனி, குழாய்க் கைப்பிடி தனி, நடுவில் வெல்டிங். கைப்பிடிக்குள் தீக்குச்சி, தூண்டில் நரம்பு, ஊசி. சுஜா மழையில் வழிதவறிய அன்று, அது அலகும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் முறிந்து அவள் உள்ளங்கையைக் கிழித்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கல்லாறு ஊரில் வந்து இறங்கினாள்.

"இந்தத் தடவ அலகும் பிடியும் ஒத்தக் கம்பி. ஒட்டே கெடையாது," என்றாள் ஜெபமலர்.

2
[முதல் தொடக்கம்: எஃகு அவள் விரல்களில் அழு— வேண்டாம். எஃகு அழாது.]

[இரண்டாவது: முதலில் அலகைச் சீவினாள். பிறகு கைப்பிடியை லேத்தில் குடை—]

இதை அவளிடம் வாசித்துக் காட்டியது என் தப்பு.

"சீவுன பெறவு சக்கு எதப் பிடிக்கும் சாரே? கம்பி உருண்டையா இருக்கச்சிலயே குடையணும். பிச்சாத்தியப்* பத்தி எழுத வந்துட்டாரு!"

(* கத்திதான். திருவனந்தபுரத்தில் இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை, உங்களுக்காகப் போட்டேன். சக்கு என்பது லேத்தில் கம்பியைக் கவ்விச் சுழற்றும் வாய்.)

3
மூன்றாம் வரைவு. டிரில்லில் ஆழத்தைக் குறிக்கும்போது அவளுக்கு ஒரு போன் வருகிறது. டிரில்லின் கூம்பு முனையை விட்டுவிட்டு, அதற்கு மேலிருந்து அளந்துவிடுகிறாள். துளை ஆறு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி, அலகு தொடங்கும் கழுத்தைத் தின்றுவிடுகிறது.

"போனா? எப்ப வந்துது?" என்றாள். "நீங்களாக்கும் பேசிட்டு நின்னது."

உண்மை. இரும்பின் வாசனை அவளுக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதும்போதே கூசுகிறது.

4
முடிவு அ: துளைக்குள் எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? கத்தி அப்படியே சுஜாவிடம் போகிறது.

"நான் பாத்தாச்சே," என்றாள் ஜெபமலர்.

முடிவு ஆ: அடியில் வெல்டிங் வைத்து அடைத்துவிட— [அடித்துவிட்டேன். அப்போது அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

கெட்டுப்போன கம்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்து சக்கில் மாட்டினாள்.

"திங்கக்கிழம அவ காடு ஏறணும். இனி வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா?"

ஐந்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் இதுவே பெரிய சாதனை. அவள் முனையிலிருந்து அளந்தாள், மறுபடி அளந்தாள், அதற்குப் பிறகுதான் குடைந்தாள். மூடிக்கு மரை வெட்டி, மறுபாதியை அலகாகச் சீவி, பதமேற்றிக் கொண்டுவந்தாள். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

5
ஞாயிறு பிற்பகல். அலகைக் கழுத்துவரை வைஸில் இறுக்கிவிட்டாள். கழுத்து தாங்குமா என்று இழுத்துப் பார்க்க, கைப்பிடியின்மேல் இரண்டடிக் குழாயைச் செருகினாள். பக்கத்தில் சுஜா, தழும்புள்ள கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, புதுசுல்லா. மெதுவா."

"மெதுவா இழுக்க காடு வருமாடீ?" என்ற ஜெபமலர் என்னிடம் திரும்பினாள். "நீங்க இழுங்க சாரே. எனக்கு ஆச வந்துரும், கை தானே தளந்துரும். ஒடைஞ்சா இங்க ஒடையட்டு. இன்னொரு கம்பி கெடக்கு."

நான் குழாயைப் பிடித்தேன். அது முறியக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டிருந்தது. அப்படி வேண்டுகிறவன் முழுப் பலத்தோடு இழுக்க மாட்டான். நான் பாதியோடு நிறுத்திவிடுவேன், பிறகு 'தாங்கியது' என்று எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் குழாயை உங்களிடம் தருகிறேன். இந்தக் கத்தியை நீங்கள் செய்யவில்லை, கெடுக்கவும் இல்லை. காலை ஊன்றிக்கொள்ளுங்கள். சுஜாவின் முகத்தைப் பார்க்காதீர்கள்.

இழுங்கள்.