மந்திரித்த மில்

"அண்ணே, இன்னும் எதுவும் முடிவாகலை. முதல்ல அரைச்சுப் பாக்கணும்" என்று அருள்ஜோதி சொல்லி வாய் மூடுவதற்குள் ஜெரால்ட் மாலையைப் போட்டுவிட்டார். மில்லுக்கு.

பூக்காரத் தெருவில் வாங்கிய கொழுத்த சாமந்தி மாலை. மேசை மேல் குந்தியிருந்த அந்த மில்லைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

"போட்டா என்னம்மா? நல்ல காரியந்தானே!"

தஞ்சாவூர் புறவழிச்சாலை ஓரத்துக் கல்லூரி அது. வாழை நாரையும் வைக்கோலையும் பொடித்து, அழுத்தி, சாப்பாட்டுத் தட்டு செய்வது அருள்ஜோதியின் ஆராய்ச்சி. பொடி ஒரே சீராக விழ வேண்டும், கருகக் கூடாது. இவளுக்கு முன்னால் இருந்தவர் மிளகாய் அரைக்கிற மெஷினை வாங்கி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதில் போட்ட வைக்கோல் சூடேறிக் காபித்தூள் நிறத்தில் வந்தது. அதில் செய்த தட்டு, சாம்பார் ஊற்றுமுன்பே உதிர்ந்தது. முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு மில்லுதான் வாங்க முடியும். நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதுவும் சொதப்புனா ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்."

பார்ப்பதற்கு இரண்டு மில்கள் வந்திருந்தன. ஒன்று நாகூர்க்காரப் பெண் அனீஸா கொண்டுவந்தது. இன்னொன்று ஜெரால்டுடையது. ஜெரால்ட் யாரென்றால், அருள்ஜோதியின் நாத்தனார் பிரின்ஸியின் வீட்டுக்காரர். உறவு என்பதை முதல்வரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று அருள்ஜோதி போனபோது, அவர் சிரித்தார். ஜெரால்ட் முந்திக்கொண்டு வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். போதாததற்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து. சொந்தபந்தம் மொத்தமும் ஒரே பந்தலில் உட்காரும்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவர்கள் கோயிலின் பங்குச்சாமி குழந்தைராஜ் இறங்கினார், கையில் தீர்த்தச் செம்போடு.

"சாமியை எதுக்குண்ணே கூப்பிட்டீங்க?"

"புது மிஷினும்மா. மந்திரிக்காம ஓட்டுறதா?"

"வாங்கவே இல்லையே!"

சாமி செம்பை இறக்கினார். "வாங்கியாச்சுன்னு சொன்னியேப்பா?"

"வாங்கின மாதிரிதான் சாமி. நீங்க ஆரம்பிங்க."

ஜெபம் ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்துவதற்கு அருள்ஜோதிக்கு வாய் வராது. சாமி, உழைப்பவர் கைகளுக்காகவும் விளைச்சலுக்காகவும் மின்சாரம் தடைபடாமல் இருப்பதற்காகவும் வேண்டிக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஆய்வக உதவியாளர் வீரையன் அவள் காதோரம் வந்தார்.

"மேடம், நம்ம பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிடவா?"

"சும்மா இருங்க வீரையன், நான் நசுங்குறது போதும்."

அவள் புகுந்த வீட்டில் மந்திரித்த எதையும் விட்டுக்கொடுத்த வழக்கம் கிடையாது. மாமனார் வாங்கி மந்திரித்த மொபெட் ஓடாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னமும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொல்லையில் நிற்கிறது. பழைய இரும்புக்காரன் கேட்டால் மாமியார் சிலுவை போட்டுக்கொள்வார்.

"போடுங்க நாரை!" என்றார் ஜெரால்ட்.

அவருடையது குண்டு மில். எஃகு ஜாடிக்குள் எஃகுக் குண்டுகள். மூடி போட்டுக் குலுக்கினால் குண்டுகள் உள்ளே கிடப்பதை இடித்துப் பொடியாக்கும். வீரையன் வாழை நாரைப் போட்டார். சுவிட்சைத் தட்டியதும், கல்யாண மண்டபத்து மாடிப்படியில் அண்டாக்கள் உருண்ட மாதிரி ஒரு சத்தம். சாமி காதைப் பொத்திக்கொண்டார்.

மூடியைத் திறந்தார்கள். பொடி இல்லை. நார் நன்றாக அமுங்கி, தட்டையாக, வட்டமாக இருந்தது.

"ஆப்பம்" என்றார் வீரையன்.

"இன்னும் கொஞ்சம் ஓடணும்யா!"

ஓடியது. திறந்தார்கள்.

"இப்ப அடை."

சாமி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "முழங்காலுக்கு அடியில போட்டுக்கலாம் போல இருக்கே. ஜெபம் பண்ண வசதி."

"சித்த மருந்துக்காரங்க எல்லாம் இதுலதான் பஸ்பம் அரைக்கிறாங்க சாமி!" ஜெரால்டுக்கு வேர்த்தது.

"அது கல்லுண்ணே, இடிச்சா உடையும்" என்றாள் அருள்ஜோதி. "நார் எதிர்த்து நிக்காது. வளையும், படுத்துக்கும். அதை வெட்டணும்."

"திரவ நைட்ரஜனை ஊத்தி உறைய வெச்சுப் போடு, முறுக்கு மாதிரி உடையும்!"

"உடையும்தான். அதை நெதமும் யாரு கொண்டாந்து குடுப்பா?"

"திருச்சியிலேருந்து வரவழைக்கலாம்."

"செங்கிப்பட்டி தாண்டுறதுக்குள்ள பாதி ஆவியாப் போயிருக்கும்ணே."

ஜெரால்ட் நிமிர்ந்தார். கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரிம்மா. மந்திரிச்ச மிஷினு. திருப்பி அனுப்புறேன்னு உன் வாயால சொல்லு. ஞாயித்துக்கிழமை பந்தல்ல எல்லாரும் கேப்பாங்க, நான் பதில் சொல்லணும்ல?"

அருள்ஜோதி தட்டுகளை நினைத்தாள், மொபெட்டை நினைத்தாள். அனீஸாவின் மில் மூலையில் மாலையில்லாமல், தண்ணீர் படாமல், அநாதை மாதிரி நின்றிருந்தது.

அவள் சாமியிடம் திரும்பினாள். "சாமி, தீர்த்தம் மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப அதையும் மந்திரிச்சிருங்க."

"அடப்பாவமே!" என்றார் ஜெரால்ட்.

சாமி தயங்கி, மில்லுக்குப் பக்கத்தில் நின்ற அனீஸாவைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையேம்மா?"

"தாராளமா செய்ங்க சாமி. துஆ யாரு செஞ்சாலும் நல்லதுதானே. மோட்டார்ல மட்டும் தண்ணி படாமப் பாத்துக்கங்க."

சாமி குனிந்து, மோட்டாருக்கு இந்தப் பக்கமாகப் பதமாகத் தெளித்தார். ஜெபமும் குறையாமல் வந்தது. மின்சாரத்தைக்கூட விடவில்லை.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அருள்ஜோதி. "போடுங்க வீரையன்."

அனீஸாவுடையது வெட்டு மில். உள்ளே கத்திகள் சுழலும், அடியில் சல்லடை. வைக்கோல் போன வேகத்தில் பொடியாக விழுந்தது. அருள்ஜோதிக்கு மூச்சு வந்தது. அடுத்து வாழை நார். நாலு சுற்று சுற்றியிருக்கும், உர்ரென்று முனகி மில் நின்றுவிட்டது. நார் கத்திகளைச் சுற்றிச் சடை பின்னியிருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" ஜெரால்ட் குதித்தார். "நான் அடையாவது சுட்டேன்!"

அருள்ஜோதிக்குக் காது சுட்டது. இரண்டும் போனால் முதல்வரிடம் எந்த முகத்தோடு போவது?

அனீஸா பதறாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாமணத்தால் நாரை உருவினாள். "தப்பு என் மேலதான் மேடம், முன்னாடியே சொல்லியிருக்கணும். நீள நாரா போட்டா எந்த மில்லுலயும் சுத்திக்கும். விரல்கடை அளவுக்கு நறுக்கிப் போடணும்."

"யாரு நறுக்குறது?" என்றார் வீரையன்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"நெனச்சேன்."

கத்தரிக்கோல் வந்தது. வீரையன் முருங்கைக்காய் நறுக்குகிற சலிப்போடு நறுக்கினார். சாமியும் அங்கியை ஒதுக்கிக்கொண்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டார். மில் மறுபடி ஓடியது. இந்த முறை முனகல் இல்லை. கீழே இருந்த டப்பாவில் வெளிர் மஞ்சள் பொடி கோலமாவு மாதிரி இறங்கியது. அருள்ஜோதி விரலை விட்டுப் பார்த்தாள். சூடில்லை. முகர்ந்தாள். கருகல் இல்லை. இன்னும் பொடிசான சல்லடையில் சலித்தாள். மேலே நின்றது ஒரு சிட்டிகைதான்.

"அண்ணே" என்றாள். "உங்க மில்லு வேண்டாம்."

ஜெரால்ட் போனை எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். "பிரின்ஸி, உன் தம்பி பொண்டாட்டி மந்திரிச்ச மிஷினைத் திருப்பி அனுப்புறா. நீயே கேளு."

"அருளு!" போன் அதிர்ந்தது. "நெசமாவா?"

"ரெண்டையும் மந்திரிச்சாச்சு அண்ணி. அண்ணனோட மில்லு நாரை அடை தட்டுது."

"ரெண்டையுமா? யாரு மந்திரிச்சது?"

"நம்ம குழந்தைராஜ் சாமிதான். இங்கதான் இருக்காங்க."

"தோத்திரம் சாமி!" குரல் சட்டென்று குழைந்தது, அடுத்த நொடியே விறைத்தது. "ஏங்க, சாமி மந்திரிச்சுமா உங்க மிஷின் அரைக்கல?"

ஜெரால்ட் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது.

"அருளு, நீ அதை விடு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடியே வந்துரு, வெங்காயம் மூட்டையோட கெடக்கு. உன் அண்ணனையும் உரிக்கச் சொல்லப்போறேன்."